போர்ஷே 924: நடுக்குழாயைக் கழற்றிய கதை

நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டால் காரின் வயிற்றுப் பகுதியில் இருந்து ஒரு முனகல். கிளட்சை மிதித்தால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். 1500 ஆர்பிஎம் பக்கம் போகும்போது அதே முனகல் கடகடப்பாக மாறும், அதைத் தாண்டினால் சாலை இரைச்சலில் அமுங்கிவிடும். வண்டி 1977-இல் தயாரான போர்ஷே 924. இரண்டு லிட்டர் எஞ்சின், நாலு கியர், ஏசி கிடையாது.

சாதாரண வண்டியில் இப்படிச் சத்தம் வந்தால் கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் உள்தண்டின் பேரிங் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கிளட்ச் மிதித்திருக்கும்போது மட்டும் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். 924-இல் மூன்றாவதாக ஒரு ஆள் சந்தேகப் பட்டியலில் உண்டு. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு பின்னால், இரண்டையும் இணைக்கும் கனமான இரும்புக் குழாய் நடுவில். டார்க் டியூப் என்பார்கள். நான் நடுக்குழாய் என்றே எழுதுகிறேன். அதற்குள் 20 மி.மீ. தடிமனே உள்ள ஒரு தண்டு சில பேரிங்குகளில் உட்கார்ந்து எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். கிளட்ச் எஞ்சின் பக்கம் இருப்பதால், மிதித்தால் தண்டும் நிற்கும், கியர்பாக்ஸ் உள்தண்டும் நிற்கும். ஆக, கிளட்சை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஜெர்மனியில் ஹைல்பிரான் பக்கம், மணிக்கணக்கில் லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பட்டறையில்தான் இந்த வேலையெல்லாம் பார்க்கிறேன். அன்று பக்கத்து லிஃப்டில் தன் வேனுக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தார். "தம்பி, உது கியர்பாக்ஸ் எண்டு நினைச்சுக் கழட்டிப் போடாதையும். நீட்டு ஸ்க்ரூடிரைவர் ஒண்டை வைச்சுக் கேட்டுப் பாரும்" என்றார். அதைத்தான் செய்தேன். முனையைக் குழாயின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தி, முன்னால் இருந்து பின்னால் வரை நகர்த்திக்கொண்டே வந்தால், குழாயின் நடுவில் அரைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கியர்பாக்ஸ் உறையில் வைத்தபோது அது பாதியாகக் குறைந்தது. சரி, குழாய்தான்.

ஒரு மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்கு இவ்வளவு சுற்றுவழி அமைப்பு? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எடைப் பகிர்வு. உண்மைதான்: 924-இல் முன்னால் 48, பின்னால் 52 என்ற கணக்கில் எடை விழுகிறது. ஆனால் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றும்போது எனக்குத் தெரிந்தது வேறு ஒரு காரணம். இந்த வண்டியை வரைந்தவர்களிடம் புதிதாக எதையும் செய்யாதே, அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கதை 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. வோக்ஸ்வாகனும் போர்ஷேயும் சேர்ந்து விற்ற 914-க்கு எஞ்சின் நடுவில். அதற்கு அடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று வோக்ஸ்வாகன் போர்ஷேயிடம் வடிவமைப்பு வேலையை ஒப்படைத்தது. திட்டத்தின் பெயர் ஈஏ 425. போர்ஷே வரைந்து கொடுக்கும், காசு வோக்ஸ்வாகனுடையது, விற்கப்போவதும் அவர்கள்தான். நிபந்தனை ஒன்று: வோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும். அந்த நேரம் அவர்கள் கையில் எஞ்சின் முன்னாலும் உந்துசக்கரம் பின்னாலும் உள்ள வண்டிக்கு ஏற்ற கியர்பாக்ஸ் எதுவும் சரியாக இல்லை. முன்சக்கரத்தை ஓட்டும் ஆடி 100-இன் பெட்டி இருந்தது. அதில் கியரும், சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள். அதைத் தூக்கிப் பின் அச்சுக்குக் கொண்டுபோனால் டிஃபரன்ஷியல் தனியாகச் செய்ய வேண்டாம். பின் சஸ்பென்ஷனுக்கு பீட்டில் வண்டியின் கைகள் தயார். எஞ்சினுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் ஒரு குழாய் போட்டால் வேலை முடிந்தது. சிக்கனமும் எடைச் சமநிலையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. அதற்கு விலை கொடுப்பது என்னைப் போல அடியில் படுப்பவர்கள்தான்.

வேலைக்கு வருகிறேன்.

முதலில் சைலன்சர் குழாய்கள். எஞ்சின் பக்கத்து நட்டுகள் துருவோடு ஒன்றாகிப்போயிருந்தன. முந்தின நாள் இரவே துரு இளக்கும் திரவத்தை ஊற வைத்து, காலையில் சூடு காட்டி மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் இறங்கிவிடும். அப்புறம் வெப்பத் தடுப்புத் தகடுகள், கியர் கம்பி, கிளட்ச் கேபிள்.

சக்கரத்துக்குப் போகும் தண்டுகளைக் கழற்றும் இடத்தில் நிதானம் வேண்டும். அங்கே இருப்பவை உட்குழிந்த தலையுள்ள போல்ட்டுகள். அந்தக் குழிக்குள் நாற்பது வருடத்து மண்ணும் கிரீஸும் இறுகிக் கிடக்கும். அவசரத்தில் டூலை மேலோட்டமாகச் சொருகித் திருப்பினால் பற்கள் வழுக்கி, தலை வட்டமாகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு கூரான ஊசியால் ஒவ்வொரு குழியையும் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, டூலை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அடி வரை போய் உட்கார்ந்தது என்பது சத்தத்திலேயே தெரியும். அதற்கப்புறம்தான் கைப்பிடியில் பலம் கொடுக்க வேண்டும். இதை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை, காட்டினால் பாதிப் பேருக்கு போல்ட் மிச்சமாகும்.

கியர் ஆயிலை வடிக்கும்போது இன்னொரு பழக்கம்: வடிக்கும் அடைப்பைத் திறக்கும் முன் ஊற்றும் அடைப்பு திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வடித்த பிறகு மேலடைப்பு அசைய மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

நடுத்தண்டின் பின்முனையும் கியர்பாக்ஸின் உள்தண்டும் ஒரு பல் உறையால் இணைந்திருக்கும். உறையின் பூட்டு போல்ட்டை எட்ட, பெட்டியின் முன்பகுதியில் ஒரு ரப்பர் மூடி. அதைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, போல்ட் தலை ஓட்டைக்கு நேராக வரும் வரை காத்திருக்க வேண்டும். அது வெளியே வந்ததும் உறையை முன்னால் தள்ளிவிடலாம். பிறகு ஜாக்கியைக் கொடுத்துக் கியர்பாக்ஸை இறக்கினேன். கழுவித் துடைத்ததும் கியர்பாக்ஸ் உறையின் வார்ப்பில் வோக்ஸ்வாகன், ஆடி முத்திரைகள் தெரிந்தன. போர்ஷே என்ற எழுத்து எங்கேயும் இல்லை.

பாகம் வாங்கும்போதும் இதுதான் நிலைமை. 924-க்கென்றே செய்த பாகங்களின் எண் 477-இல் தொடங்கும். அதுவே வோக்ஸ்வாகன் எண்முறைதான். 171-இல் தொடங்கினால் முதல் தலைமுறை கோல்ஃப். 113 என்றால் பீட்டில் வம்சம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கைகள் கோல்ஃபிலிருந்து வந்தவை. ஸ்டியரிங் ரேக்கும் கோல்ஃப் குடும்பம். பின்னால் முறுக்குக் கம்பி ஸ்பிரிங், பீட்டிலின் சாய்கைகள், டிரம் பிரேக். ஒரே சாமான் ஒரு கடையில் போர்ஷே பெட்டியில் ஒரு விலை, பழைய பீட்டில் சாமான் விற்கும் கடையில் வேறொரு விலை. 924 வைத்திருப்பவர்கள் இந்த மூன்று இலக்கங்களை மனப்பாடம் செய்துகொள்வது பர்ஸுக்கு நல்லது.

குழாய் முழுதாக வெளியே வர வேண்டும் என்றால் பின் அச்சின் குறுக்குச் சட்டத்தையும் இறக்க வேண்டும். கிளட்ச் தட்டு மட்டும் மாற்றுவது என்றால் குழாயைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாலே போதும். எனக்கு உள்ளே இருக்கும் பேரிங் வேண்டுமே. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், பிரேக் குழாய்கள், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் பிரித்து, சாய்கைகளையும் முறுக்குக் கம்பிகளையும் பிரிக்காமல் சட்டத்தோடு ஒரே கட்டாக இறக்கினேன். கம்பிகளைத் தனியாக எடுத்தால் அவற்றின் பல்லைப் பழைய கோணத்திலேயே திரும்பப் பொருத்துவது பெரிய தலைவலி, வண்டியின் பின் உயரமே அதில்தான் இருக்கிறது. எந்த போல்ட் எங்கே உட்கார்ந்திருந்தது என்று வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தேன்.

வேலை நடந்த இடத்தில் இருந்து நெக்கர்சுல்ம் ஆலை பக்கம்தான். இந்த வண்டி பிறந்ததே அங்கே. அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வோக்ஸ்வாகனின் நிலைமை மோசமாகியது. 1974-இல் மட்டும் 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். திட்டத்தை ஆதரித்த தலைவர் ருடால்ஃப் லைடிங் போய், 1975-இல் டோனி ஷ்முக்கர் வந்தார். கோல்ஃபின் அடித்தளத்தில் செய்த ஷிராக்கோ 1974-லேயே கடைக்கு வந்துவிட்டது, அதுவும் மலிவாக. இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று ஈஏ 425-ஐ நிறுத்திவிட்டார்கள். வண்டி கிட்டத்தட்டத் தயார், ஆனால் விற்க ஆள் இல்லை.

அதே நேரம், பழைய என்எஸ்யூ நிறுவனத்தின் ஆலையான நெக்கர்சுல்ம் மூடப்படும் என்ற பேச்சு. 1975 ஏப்ரலில் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஹைல்பிரான் வரை ஊர்வலமாக நடந்தார்கள். போர்ஷேயின் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மான் வடிவமைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தார். சுமார் 10 கோடி மார்க் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வண்டியை நெக்கர்சுல்மில் ஆடியின் ஆட்களே பூட்டிக் கொடுப்பார்கள், பெயர் மட்டும் போர்ஷே என்று ஒப்பந்தம் ஆனது. ஒருவர் காசில் வரைந்து, இன்னொருவர் அலமாரியில் இருந்து பொறுக்கி, மூன்றாவது இடத்தில் பூட்டிய வண்டி! 1975 நவம்பரில் தெற்கு பிரான்சின் லா கிராண்ட்-மோட்டில் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள், 1976-இல் விற்பனை. விலை போர்ஷேயின் 911-ஐ விட வெகுவாகக் குறைவு.

இதை நான் தோல்விக் கதையாகப் பார்க்கவில்லை. நிபந்தனைகள் இவ்வளவு இறுக்கமாக இருந்தும், அனடோல் லாபீனின் வடிவமைப்புக் குழுவில் இருந்த ஹார்ம் லாகாய் வரைந்த உடல் இன்றும் வயதாகாமல் நிற்கிறது. காற்றுத்தடை எண் 0.36, எழுபதுகளின் நடுவில் அது நல்ல கணக்கு. எஞ்சினை 40 பாகை சாய்த்து வைத்ததால்தான் பானட் அவ்வளவு தாழ்வாக வந்தது. சாய்ந்திருக்கும் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

குழாய் வெளியே வந்துவிட்டது. கையால் தண்டைச் சுற்றினால் மணலில் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரிந்தது. பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தண்டைத் தள்ளி எடுத்த பிறகு, பேரிங்குகளைப் பிடித்திருக்கும் வளையங்களைப் பார்த்தேன். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு பேரிங்கின் சீல் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்துபோன கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பந்துகள் ஓடும் பாதையில் நகம் தடுக்குகிற அளவுக்குப் பள்ளங்கள். முனகல் இங்கேதான் பிறந்தது.

தண்டு ஏன் இவ்வளவு ஒல்லி என்று பலர் கேட்பதுண்டு. சாதாரணப் பின்சக்கர வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பிறகு வருகிறது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு விசை மூன்றரை மடங்குக்கு மேலாகப் பெருகித்தான் அதன் மேல் விழும். இங்கே தண்டு கியர்பாக்ஸுக்கு முன்னால். எஞ்சின் கொடுக்கிற 165 நியூட்டன் மீட்டரைத் தாண்டி அது எதையும் சுமக்க வேண்டாம். ஆகவே 20 மி.மீ. போதும். ஆனால் ஒல்லியான நீளத் தண்டு எஞ்சின் வேகத்தில் சுற்றினால் நடுவில் வில்லாக வளையப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பதுதான் பேரிங்குகளின் வேலை. அவை எந்தத் தூரத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பது இதனால்தான் முக்கியம். பழையதைத் தள்ளும் முன்பே குழாயின் விளிம்பில் இருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து குழாயின் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டேன்.

இந்த பேரிங்குகளைத் தனியாக விற்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை, போனால் முழுக் குழாயாக வாங்கு என்பதுதான். இப்போது சில சிறு பட்டறைகள் பேரிங், வளையம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாகக் கொடுக்கின்றன. இருபுறமும் சீல் உள்ள பேரிங் என்பதால் பிற்பாடு கிரீஸ் அடிக்கும் வேலை இல்லை. தண்டை இரண்டு வி-கட்டைகள் மேல் வைத்து டயல் கேஜ் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன், வளைவு இல்லை. துருப் பொட்டுகளை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, பேரிங் உட்காரும் இடங்களில் லேசாக எண்ணெய் தடவி, ஒன்றன்பின் ஒன்றாக பிரஸ்ஸில் தள்ளினேன். தள்ளும்போது விசை உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்தைத் தள்ளினால் புதுப் பந்துகளின் பாதையில் அங்கேயே தழும்பு விழுந்து, பழைய சத்தம் புது பேரிங்கில் ஆரம்பிக்கும். அதற்காகவே தண்டுக்கு மேல் வழுக்கிப் போகும் ஒரு குழாய்த் துண்டை லேத்தில் கடைந்து வாங்கி வைத்திருந்தேன். இந்த முழு வேலையிலும் உருப்படியான முதலீடு அதுதான்.

கிளட்ச் வீடும் கண்ணுக்குத் தெரிகிறபோது கிளட்சை மாற்றாமல் மூடுகிறவன் தனக்கே தண்டனை கொடுத்துக்கொள்கிறான். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் தண்டின் மூக்கைத் தாங்கும் சின்ன பைலட் பேரிங், எல்லாம் புதுசு. தண்டின் பற்களில் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் பூச வேண்டும், அதிகமானால் சுழற்சியில் தெறித்துத் தட்டில் ஒட்டும்.

ஃப்ளைவீலைப் பார்த்துக்கொண்டே 924-ஐப் பற்றிச் சொல்லப்படும் அந்த நக்கலையும் பேசிவிடலாம்: "வேன் எஞ்சின் போட்ட போர்ஷே." 1984 சிசி, இரும்பு பிளாக், அலுமினியத் தலை, ஒற்றை கேம்ஷாஃப்ட். ஆடி வடிவமைத்த இந்தக் குடும்பம் வோக்ஸ்வாகன் எல்டி வேனிலும் ஓடியது என்பது உண்மை. ஆனால் வேனுக்குப் போனது கார்புரேட்டரோடு, தாழ்ந்த அழுத்தத்தில் ஓடும் எஞ்சின். 924-க்குப் போஷ் கே-ஜெட்ரானிக் எரிபொருள் தெளிப்பு, அழுத்த விகிதம் 9.3, திறன் 125 குதிரை. வண்டியின் எடையோ 1,080 கிலோதான். அமெரிக்காவுக்குப் போன முதல் வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு அதை 95-க்கு இறக்கிவிட்டது. நக்கலுக்குப் பாதிக் காரணம் அந்த 95 குதிரை என்று நினைக்கிறேன். கரகரப்பான எஞ்சின் என்று குறை சொன்னால் ஒத்துக்கொள்வேன். பலவீனமானது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போர்ஷேக்கும் அந்தக் கரகரப்பு உறுத்தியிருக்க வேண்டும். 1978 கடைசியில் 170 குதிரை டர்போ வந்தது. 1980-இல் மூன்று 924 வண்டிகள் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி 6, 12, 13-ஆம் இடங்களில் முடித்தன. 1982-இல் வந்த 944-இல் எஞ்சின் முழுக்கப் போர்ஷேயுடையது. போர்ஷேயின் இன்னொரு காரான 928-இன் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினில் ஒரு பக்கத்தைப் பிரித்தெடுத்த மாதிரி 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், 163 குதிரை. பெரிய நாலு சிலிண்டரின் அதிர்வை அடக்க இரண்டு சமநிலைத் தண்டுகள், அதற்கு மிட்சுபிஷியிடம் காப்புரிமை அனுமதி வாங்கினார்கள். கடைசியில் அதே எஞ்சினைக் கொஞ்சம் அடக்கி 924 எஸ் என்று பழைய உடலிலேயே போட்டார்கள். 1988-இல் 924 நின்றபோது எல்லா வகையும் சேர்த்து ஒன்றரை லட்சம் அளவில் விற்றிருந்தது. வோக்ஸ்வாகன் வேண்டாம் என்ற வண்டி!

பூட்டுவது கழற்றுவதின் தலைகீழ் வரிசை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பல் உறையின் போல்ட்டுக்கு மட்டும் டார்க் ரென்ச் கட்டாயம், நூல் பூட்டும் திரவமும் ஒரு சொட்டு. பிரேக் குழாய்களைப் பிரித்ததால் காற்று எடுக்க வேண்டும். அதற்கும் யாழ்ப்பாணத்து அண்ணரே வந்து பெடலை மிதித்தார். "மிதிக்கிறன், திறவும். பிடிக்கிறன், பூட்டும்" என்று நாலு சக்கரத்துக்கும் சலிக்காமல் சொன்னார்.

ஸ்டார்ட் செய்ததும் முனகல் இல்லை. கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தம், எஞ்சினுடையது. 1500-இல் கடகடப்பும் போய்விட்டது. மூன்றாவது கியரில் மட்டும் மெல்லிய ஊளை மிச்சம். அது ஆடி பெட்டிக்குள் இருந்து வருவது, ஆயில் மாற்றிய பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்காகப் பெட்டியைப் பிளக்கும் எண்ணம் இல்லை.

லிஃப்டில் இருக்கும்போதே இன்னொரு பழைய தொல்லையையும் முடித்தேன். குளிர்ந்த எஞ்சின் சாவியைத் திருப்பியதும் பிடிக்கும். ஓடி நிறுத்தி இருபது நிமிடம் கழித்துத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். கே-ஜெட்ரானிக்கில் இது பிரபலமான நோய். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்க வேண்டும். தங்காவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தேன். ஓடும்போது ஐந்து பார் அளவில் சரியாக நின்றது, நிறுத்தியதும் முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்தது. பின்னால் பம்ப் பக்கத்தில் இருக்கும் அழுத்தச் சேமிப்புக் கலனும் பம்பின் ஒருவழி வால்வும்தான் சந்தேகம். கலனின் பின்பக்க ஓட்டையில் இருந்து பெட்ரோல் கசிந்ததால் உள்ளே சவ்வு கிழிந்தது உறுதி. இரண்டையும் மாற்றினேன், சூடாக இருக்கும்போதும் இப்போது அரைச் சுற்றில் பிடிக்கிறது.

வாகனச் சோதனையில் பாஸ். பின்பக்க ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வெடிக்கத் தொடங்கியிருக்கின்றன என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவற்றுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அதற்கு அடுத்தது பின்கண்ணாடி: பசை விட்டுப்போய் கண்ணாடி ஒரு பக்கமும் சட்டம் ஒரு பக்கமுமாக நகர ஆரம்பித்திருக்கிறது. இலையுதிர் கால மழைக்கு முன் அதை ஒட்டி முடிக்க வேண்டும். ஒட்டியவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பசை போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.